கை வாசமும் ஆத்து வாசமும்



சனி, ஞாயிறு ஆனால் எங்கள் பக்கம் காவிரிக் கரையில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர், சில நாள் பெங்களூர் வண்டிகூட. இறங்குகிறவர்கள் கையில் ஒன்றுக்குள் ஒன்று மடங்குகிற தூண்டில் கம்பு, ரீல், ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்ன பாட்டில்கள். வெனிலா, ஸ்ட்ராபெரி, பூண்டு, இறால் என்று மேலே படம் ஒட்டியிருக்கும். எங்கள் காலத்தில் ஒரு மூங்கில் குச்சி, பத்தடி நரம்பு, மயில்தோகைக் காம்பில் ஒரு தக்கை, ஒரு முள். கொட்டாங்குச்சியில் மண்புழு. அவ்வளவுதான் சாமான்.

வருகிறவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள். "ஏனுங்ணா, கையில சோப்பு வாசம் இருந்தா மீன் கடிக்காதாமே, நெசமாங்ணா?" என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எந்த எசன்ஸ் போட்டா நல்லா விழும்?" நான் மீன்பிடித் தொழிலாளி இல்லை. மரவள்ளியும் வாழையும் வைத்திருக்கிற சின்ன விவசாயி. ஆனாலும் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆத்திலும் நாற்பது வருசத்துக்கு மேல் தூண்டில் போட்டவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் மச்சான் மகன் ஒருவன் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். அவனிடம் கேட்டதையும், நான் கரையில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை வாசத்தைப் பற்றிய பயத்தில் கால்வாசி உண்மை, முக்கால்வாசி கதை. இரையில் சேர்க்கிற வாசனையில் பாதி உண்மை. அந்தப் பாதியும் எந்த மீன் என்பதைப் பொறுத்தது. ஆனால் இந்த ரெண்டையும் மணிக்கணக்கில் பேசுகிற நாம், ஆத்துத் தண்ணிக்கே இப்போது என்ன வாசம் என்று பேசுவதில்லை. முதலில் பேச வேண்டியது அதுதான்.

மீனுக்கு மூக்கு எதற்கு?

சந்தையில் கெண்டை மீன் வாங்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால், பக்கத்துக்கு ரெண்டாகச் சின்னத் துளை இருக்கும். முன் துளையில் தண்ணீர் போகும், பின் துளையில் வெளியே வரும். நடுவில் இருக்கிற மடிப்புதான் மோப்பம் பிடிக்கிறது. நமக்கு மூச்சுக்கும் மோப்பத்துக்கும் ஒரே மூக்கு. மீன் மூச்சு விடுவது செவுளில். அதன் மூக்கு மோப்பத்துக்கு மட்டும்தான். அதனால்தான் அந்த மூக்குக்கு அவ்வளவு கூர்மை. 1950-களில் ஜெர்மனியில் விலாங்கு மீனைப் பழக்கி, ரோஜாப்பூ மணம் தருகிற ஒரு பொருளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பெரிய ஏரியில் ஒரு சொட்டு கலந்தாற்போல் அவ்வளவு கொஞ்சம் இருந்தாலும் அதைக் கண்டுகொண்டதாம்.

மூக்கு ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். கெளுத்திக்கு வாயில் மட்டும் சுவை மொட்டு இல்லை. மீசையில் இருக்கிறது, உடம்புத் தோல் முழுக்க இருக்கிறது. ராத்திரி கலங்கல் தண்ணியில் சேற்றை உரசிக்கொண்டு போகும்போதே அங்கே தின்கிறதுக்கு என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கெளுத்திக்குக் கோழிக்குடலைக் கட்டிப் போட்டால் எங்கிருந்தாலும் தேடிக்கொண்டு வருகிறது. முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன நாமக்கல்லில் கோழிக்குடலுக்குப் பஞ்சமா?

கெண்டை இனத்துக்கு வேறு பழக்கம். கிடைத்ததை வாயில் உறிஞ்சும். மேலண்ணத்தில் அழுத்தி ருசி பார்க்கும். சேறு, கல், பிடிக்காத பொருள் எல்லாவற்றையும் துப்பிவிட்டு வேண்டியதை மட்டும் விழுங்கும். தக்கை லேசாக ஒரு ஆட்டம் ஆடி அப்படியே நின்றுவிட்டால், மீன் உங்கள் இரையைச் சோதித்துப் பார்த்துத் துப்பிவிட்டது என்று அர்த்தம்.

விரால் இவற்றுக்கு நேர் எதிர். அது கண்ணை நம்புகிற மீன். தவளை தத்தினால் பாயும். அசையாமல் கிடக்கிற பொருளுக்கு நீங்கள் எத்தனை எசன்ஸ் ஊற்றினாலும் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். ஜிலேபி மீன் ரெண்டுக்கும் நடுவில். ரொட்டித் துண்டு, மாவு, புழு என்று எது கண்ணில் பட்டாலும் கொத்தும். ஆக, "மீனுக்கு வாசம் பிடிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மீன் என்று கேட்க வேண்டும்.

கை வாசம்

ஊரில் பெரியவர்கள் சொல்லி வளர்ந்த சட்டங்கள் சில உண்டு. தூண்டில் போடப் போகும் முன் எண்ணெய் தொடாதே. பீடி பிடித்த கையால் புழு கோர்க்காதே. கரை மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துக் கழுவு. "மனுச வாடை பட்டா மீன் கிட்ட வராது" என்பார்கள்.

இதில் கொஞ்சம் உண்மை உண்டு என்று காட்டியது கனடாவில் நடந்த ஒரு சோதனை. அங்கே சால்மன் என்ற மீன் கடலிலிருந்து ஆத்துக்குள் ஏறி வந்து முட்டையிடும். 1950-களில், அந்த மீன்கள் ஏறிக்கொண்டிருக்கிற வழியில், மனுசன் கை கழுவிய தண்ணியையும் கரடிப் பாதம் அலசிய தண்ணியையும் ஊற்றிப் பார்த்தார்கள். ஏறிக்கொண்டிருந்த மீன் சட்டென்று தயங்கிப் பின்வாங்கியது. பாலூட்டிகளின் தோலில் இருக்கிற செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று 1956-இல் எழுதினார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க தூண்டில்காரர்களுக்குக் கை வாசப் பயம் பிடித்துக்கொண்டது. கை வாசத்தை மறைக்கிற சோப்பு, தெளிப்பான் என்று ஒரு வியாபாரமே இருக்கிறது.

ஆனால் ரெண்டு விசயம் யோசிக்கணும். ஒன்று, அந்த மீன் இரை தேடிக்கொண்டிருந்த மீன் இல்லை. முட்டையிட ஆறு ஏறுகிற சால்மன் தீனி எடுப்பதையே விட்டுவிடும். கரடிதான் அதற்கு எமன். கரடி வாசத்துக்குப் பயப்படுவது நியாயம். நம் குட்டையில் பசியோடு சேற்றைக் கிண்டுகிற கெண்டைக்கு அந்தப் பயத்தை அப்படியே பொருத்த முடியாது. ரெண்டு, அமினோ அமிலம் என்பது புழுவிலும் இறாலிலும் புண்ணாக்கிலும் இருக்கிற சரக்குதான். தீனி இருக்கிற இடத்தை மீனுக்குக் காட்டிக்கொடுப்பதே பெரும்பாலும் இந்த வகைப் பொருள்கள்தான். இன்னொன்றையும் பாருங்கள். எங்கள் ஊர்ப் பொடியன்கள் வேர்வை வழியும் கையால் புழுவைக் கிள்ளி முள்ளில் மாட்டுகிறார்கள். கையுறை போட்ட பட்டணத்துத் தம்பிகளைவிட அவர்களுக்கு மீன் குறைவாக விழுந்ததை நான் பார்த்ததில்லை.

பயப்பட வேண்டிய வாசம் வேறு. சோப்பு, பெட்ரோல், கொசுத் தைலம், சன் கிரீம், பூச்சி மருந்து. பீடியும் இதில் சேரும். புகையிலைக் கசாயம் போட்டுப் பூச்சி விரட்டுகிறவர்கள் நாங்கள். அதன் காரம் எங்களுக்குத் தெரியும். பைக்கில் பெட்ரோல் போட்ட கையோடு மாவு பிசைந்தால் கெண்டை வாயில் வாங்கித் துப்பத்தான் செய்யும். பெரியவர்கள் மண்ணில் கை கழுவச் சொன்னது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். மனுச வாடையை விரட்டுகிறோமோ இல்லையோ, கையில் ஒட்டிய எண்ணெயையும் புகையிலையையும் மண் எடுத்துவிடுகிறது.

இன்னொரு வாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு வாங்கினாரே கார்ல் வான் ஃபிரிஷ், அவர் 1938-இலேயே மீனைப் பற்றி ஒன்று கண்டுபிடித்துச் சொன்னார். கெண்டை இனத்துச் சின்ன மீன் ஒன்றுக்குத் தோல் கிழிந்தால், அந்தத் தோலிலிருந்து ஒரு பொருள் தண்ணியில் கலக்கிறது. அதை மோந்தவுடன் கூட்டத்தில் இருக்கிற மற்ற மீன்கள் சிதறி ஓடுகின்றன. கெண்டை, கெளுத்தி வகையறாக்களில் இந்தக் குணம் பரவலாக இருப்பதைப் பிற்பாடு பார்த்தார்கள். அப்படியென்றால், கெண்டையை விரட்டுகிறது மனுசன் கை வாசத்தைவிட, அந்தக் கையில் ஒட்டியிருக்கிற இன்னொரு கெண்டையின் கிழிந்த தோலாகத்தான் இருக்கும். பிடித்த மீனைக் கரையிலேயே செதில் உரசி, அந்தக் கையோடு அடுத்த இரையைக் கோர்க்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. மீனை மேலே கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணுங்கள். கையை அலசிவிட்டு வந்து இரையைத் தொடுங்கள்.

சேர்க்கிற வாசம்

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். நம் மூக்குக்கு வருகிற வாசம் காற்றில் பறந்து வருவது. மீனுக்குப் போகிற வாசம் தண்ணியில் கரைந்து போவது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் காசு மிச்சம். நமக்கு மூக்கைத் துளைக்கிற எண்ணெய் எசன்ஸ் தண்ணியில் கரையாது; மேலே மிதந்து போய்விடும். அடியில் மேய்கிற மிர்காலுக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. ஆனால் நம் மூக்குக்கு நாறுகிற புளித்த புண்ணாக்கு கரைந்து அடியோடு அடியாகப் போகும்.

எங்கள் பக்கத்து இரை எல்லாம் இப்படிக் கரைகிற சரக்குதான். கடலைப் புண்ணாக்கை முதல்நாள் ராத்திரி ஊறவைத்துக் காலையில் தவிட்டோடு பிசைவார்கள். சிலர் மைதா சேர்த்து இறுக்கம் கொடுப்பார்கள். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம். ஊறிப் புளிக்கும்போது அந்தப் புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது. மீன் தேடுகிறது அதைத்தான். ராகிக் களி உருண்டை, பழைய சோறு, சேலம் ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சுகிற மரவள்ளித் திப்பி என்று மாவுச் சரக்குகளும் உண்டு. மாவு உருண்டை பிடிக்க உதவும். கூப்பிடுகிற வேலையைப் புண்ணாக்குதான் செய்யும். வங்காளத்தில் செவ்வெறும்பு முட்டையை இரையில் சேர்க்கிறார்கள். அதுவும் புரதச் சரக்குதான்.

அப்போ வெனிலா, ஏலக்காய் எல்லாம் வீணா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். சிலவற்றுக்குப் பலன் உண்டு. ஆனால் எங்கிருந்தோ மீனைக் கூட்டிக்கொண்டு வருகிற பலன் என்று நான் நினைக்கவில்லை. வாயில் வாங்கிய மீன் துப்பாமல் இன்னும் ரெண்டு நொடி வைத்திருந்தால் போதும், முள் ஏறிவிடும். அந்த ரெண்டு நொடிதான் வாசனை தருகிற லாபம்.

இதற்குச் சாட்சி ஊட்டிப் பக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனை இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வைத்துப் பிடிப்பார்கள். இறகும் நூலும் முள்ளும்தான். அதில் ருசி, வாசம் ஏதும் இல்லை. கண்ணை ஏமாற்றுகிற வித்தை. மீன் பூச்சி என்று நினைத்து வாயில் வாங்கும், ஏமாந்தது தெரிந்ததும் கண்மூடித் திறப்பதற்குள் துப்பும். அதற்குள் சுண்ட வேண்டும். இந்தப் பொய்ப்பூச்சியில் வாசனை தடவலாமா என்று உலகத் தூண்டில்காரர்களுக்குள் நெடுநாள் வழக்கு. மீன்பிடி சாதனைகளைப் பதிவு செய்கிற பன்னாட்டுச் சங்கம் ஒன்று உண்டு, ஐ.ஜி.எஃப்.ஏ. என்பார்கள். பொய்ப்பூச்சியில் பிடித்த மீன் சாதனைக் கணக்கில் சேர வேண்டுமானால் அதில் வாசனை சேர்த்திருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பலனே இல்லாத ஒன்றுக்கு யாராவது தடை போடுவார்களா? ஆக வாசனை வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்ய மீனுக்கு மூக்கும் நாக்கும் நல்லபடியாக இருக்கணும்.

நான் சொல்ல வந்த விசயம் இங்கேதான் ஆரம்பம்.

ஆத்து வாசம்

பரிசல் போட்டு வலை வீசுகிற பெரியவர் ஒருத்தர் எங்கள் பக்கம் இருக்கிறார். எழுபது வயசுக்கு மேல். பட்டணத்துத் தம்பி ஒருவர் அவரிடம் பாட்டிலை நீட்டி, "ஐயா, இந்த வாசம் ஆத்து மீனுக்கு ஒத்துக்குமுங்களா?" என்று கேட்டார். பெரியவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்குது சாமி. தண்ணியே இந்த நாத்தம் நாறுதே, இதுக்குள்ள உன் பாட்டிலத் தேடி எந்த மீனு மோந்து பாக்கப்போவுது?"

நான் சொல்ல நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு ஆத்துக்கும் ஒரு வாசம் உண்டு. கவிதைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆர்தர் ஹாஸ்லர் என்பவரும் அவரோடு சேர்ந்த விஸ்பி என்பவரும் 1951-இல் இதை எழுதினார்கள். ரெண்டு ஓடைகளின் தண்ணியைச் சின்ன மீன்கள் மோப்பத்தாலேயே பிரித்து அறிந்தன. கடலுக்குப் போன சால்மன் பிறந்த ஓடைக்கே திரும்பி வருவதும் இந்த வாச நினைவை வைத்துத்தான் என்பது பிறகு உறுதியானது. மண், பாறை, கரையில் விழுகிற இலை, மேலே பெய்த மழை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாசம்.

நம் ஆறுகளுக்கு இப்போது என்ன வாசம்? திருமணிமுத்தாறு ஏற்காட்டு மலையில் பிறக்கிறது. சேலம் நகரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது அது சாக்கடை. ஊர்க் கழிவு, சாயக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்து காவிரியில் சேர்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதி இல்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடித்தார்கள் என்று வருசம் தவறாமல் பேப்பரில் செய்தி வருகிறது. வருசம் தவறாமல் இடிக்கிறார்கள் என்றால் வருசம் தவறாமல் கட்டுகிறார்கள் என்றுதானே கணக்கு?

தண்ணி கெட்டால் மீன் செத்து மிதக்கும், அது எல்லாருக்கும் தெரியும். சாகாமலே கெடுகிறது தெரியாது. 1965-இல் அமெரிக்காவில் ஒரு கெளுத்தி வகையை மிகக் கொஞ்சம் சலவைத்தூள் கலந்த தண்ணியில் விட்டுப் பார்த்தார்கள். மீன் சாகவில்லை. ஆனால் மீசையில் இருந்த சுவை மொட்டுகள் கெட்டுப்போய், பக்கத்தில் போட்ட தீனியைத் தேடிப் பிடிக்கத் தடுமாறியது. தாமிரமும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணியில் சில மைக்ரோகிராம் தாமிரம் கலந்தாலே சால்மன் குஞ்சுகளின் மோப்பம் மங்குவதாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மோப்பம் மங்கிய குஞ்சு, கூட்டாளியின் தோல் கிழிந்த எச்சரிக்கையையும் மோப்பம் பிடிக்காது. பெரிய மீன் வந்து விழுங்கும்வரை அங்கேயே நிற்கும்.

பட்டறைக்காரர்களையும் நகரத்தையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டு விவசாயி தப்பிக்க முடியாது. பரமத்தி வேலூர் சுற்று வட்டாரம் வெற்றிலைக்குப் பேர் போனது. கொடிக்காலுக்கும் தென்னைக்கும் போர்டோ கலவை அடிப்பது பழைய வழக்கம். ஒரு சதக் கலவை என்றால் நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. துருசில் கால் பங்கு தாமிரம். மருந்து அடித்து முடித்து டேங்கில் அரை லிட்டர் மிச்சம் என்று வையுங்கள். அதில் அஞ்சு கிராம் துருசு, அதாவது ஒன்றேகால் கிராம் தாமிரம். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் என்று பிரித்தால் ஒன்றேகால் லட்சம் லிட்டர் தண்ணிக்கு அது போதும். சுண்ணாம்பு சேர்ந்த கலவை முழுக்கக் கரையாது, கலங்கல் தண்ணியிலும் உப்புத் தண்ணியிலும் வீரியம் குறையும் என்பது சரிதான். பத்தில் ஒரு பங்குதான் கரைந்தது என்றாலும் பன்னிரண்டாயிரம் லிட்டர். டேங்கை வாய்க்காலில் அலசுகிற ஒரு நிமிச வேலை அது. இதை எங்கள் ஆட்கள் பலரும் செய்கிறார்கள்.

"மீன் குறைந்ததுக்கு இது ஒன்றுதானா காரணம்?" என்று கேட்பீர்கள். இல்லீங்க. மேட்டூர் அணை 1934-இல் வந்தது. கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த உல்லம் மீனுக்கு அணைகள் வழியை அடைத்துவிட்டன. சின்னக் கண்ணி வலையில் குஞ்சைக்கூட விடாமல் அள்ளுகிறார்கள். மணல் போனது, மீன் முட்டையிடுகிற இடமும் போனது. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. நம் சேல் கெண்டையின் இடத்தை அவையும் பங்கு போட்டன. இத்தனையும் உண்மை. ஆனால் இவை எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்த மீனுக்கும் தீனியைத் தேட, ஆபத்தை அறிய, இணையைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டும். அந்த மூக்கை நாம் அடைக்கிறோம்.

எந்த மீன் மிஞ்சுகிறது என்று பார்த்தாலே தெரியும். நாறுகிற குட்டையில் இப்போது கிடைப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபியும்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி தண்ணியில் காற்று இல்லாவிட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். மத்திய அரசு 2000-லேயே அதை வளர்க்கத் தடை போட்டது. தடையைத் தாண்டிக் குட்டை குட்டையாகப் பரவிவிட்டது. வாரக் கடைசியில் வருகிற தம்பிகள் பெரிய மீன் விழுந்தது என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். பாதிப் படத்தில் அந்தக் கெளுத்திதான். எசன்ஸ் நல்ல வேலை செய்தது என்று அவர்கள் சந்தோசப்படுகிறார்கள். நான் பார்க்கிறது வேறு. அந்த இடத்தில் கெண்டை இல்லை, அயிரை இல்லை, ஆரால் இல்லை.

அயிரைக் குழம்பு எங்கள் வீடுகளில் பிரசவித்த பெண்ணுக்கும் காய்ச்சலில் எழுந்தவருக்கும் வைப்பது. அதற்குக் காசு கொடுத்து வாங்கியது இல்லை, வாய்க்கால் தண்ணி வற்றும்போது துணியில் அள்ளி வருவோம். இன்று அதைச் சந்தையில் விலை கேட்டாலே பயமாக இருக்கிறது. வலை வீசிப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது குழம்புப் பிரச்சினை இல்லை, அரிசிப் பிரச்சினை.

என்ன செய்யலாம்?

தூண்டிலோடு வருகிறவர்களுக்கு முதலில். கையை ஆத்து மண்ணில் தேய்த்து அலசினால் போதும். சோப்புப் போட்டு ஆத்தில் கழுவாதீர்கள். கெண்டைக்குப் புளித்த புண்ணாக்கு, கெளுத்திக்குக் குடல் அல்லது புழு, விராலுக்கு அசைகிற இரை. பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணியில் கரைகிறதா என்று ஒரு டம்ளரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் காசு மிதக்கிறது. மிச்ச இரையை மூட்டையோடு ஆத்தில் கொட்டாதீர்கள். அதுவும் அழுகித் தண்ணியைக் கெடுக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி விழுந்தால் பாவம் பார்த்துத் திரும்ப விடாதீர்கள்.

என் விவசாய நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று. மருந்து அளவாகக் கலக்குங்கள். டேங்கை வாய்க்காலில் அலசாதீர்கள். அலசிய தண்ணியை அடித்த வயலிலேயே திரும்ப அடித்துவிடுங்கள். பத்து நிமிசம் கூட ஆகும், அவ்வளவுதான்.

பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஆறு உங்கள் ஊர்ச் சாக்கடையில் இருந்துதான் வருகிறது. உங்கள் தெருக் கழிவு சுத்தம் பண்ணிய பிறகு ஆத்தில் விடப்படுகிறதா, அப்படியே விடப்படுகிறதா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் கேட்டால், "நீங்க எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை கேளுங்கள். தூண்டில் பெட்டிக்கு எசன்ஸ் வாங்குகிற அக்கறையில் பாதி இருந்தால் போதும்.